வீட்டில் மரம் கடைய லேத் வாங்குவது எப்படி? குறைந்த செலவில் சரியானதைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மரத்தைச் சுழற்றி உளியால் உருவம் கொடுக்கும் வேலை கடைசல், அப்படிச் சுழற்றும் இயந்திரம் லேத். புதிதாகக் கடைசலுக்கு வருபவர்கள் பலர் லேத்தை வாங்கிய பிறகுதான் மற்றதையெல்லாம் யோசிக்கிறார்கள். கையிலிருந்த பணம் முழுவதும் இயந்திரத்துக்கே போய்விடுகிறது. மழுங்கிய உளிக்குச் சாணை பிடிக்க வழியில்லை. கிண்ணத்தைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் சக் இல்லை, அப்படியே வாங்கினாலும் அதன் மரை லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் ஏறவில்லை. சில மாதங்களில் லேத் மூலைக்குப் போய்விடுகிறது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுக்கும்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

லேத் நிற்கப்போகும் இடத்தின் நீள அகலத்தை அளந்து வையுங்கள். லேத்தின் நீளத்தோடு, மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் கை நுழையவும் முன்பக்கம் நீங்கள் நகர்ந்து நிற்கவும் இடம் வேண்டும். அந்த இடத்தில் எர்த் இணைப்புள்ள மின்சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டேப், ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு தாள் போதும். கடைசியாக, மொத்தம் இவ்வளவுதான் செலவழிப்பேன் என்று ஒரு தொகையை எழுதுங்கள். லேத்துக்கு மட்டுமான தொகையாக அது இருக்கக் கூடாது. ஏன் என்பது 2-ஆம் படியில் தெரியும்.

1. முதல் ஆண்டில் என்ன கடைவீர்கள் என்று எழுதுங்கள்

கடைசல் வேலை இரண்டு வகை. பேனா, பம்பரம், உளிப்பிடி, மேசைக்கால், கைப்பிடிக் கம்பம் போன்றவற்றில் மரத்தின் நார் லேத்தின் அச்சோடு நீளவாக்கில் ஓடும். இது நீளக் கடைசல். கிண்ணம், தட்டு போன்றவற்றில் நார் பொதுவாகக் குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை நாரின் குறுக்குமுனையைச் சந்திக்கும்.

இயந்திரத்திடம் இந்த இரண்டும் கேட்பது வேறு வேறு. நீளக் கடைசலுக்கு நீளமும் ஓரளவு வேகமும் போதும். கிண்ணத்துக்கு அகலம், குறைந்த வேகத்திலும் நிற்காத இழுவிசை, அதிர்வைத் தாங்கும் எடை மூன்றும் வேண்டும். "எல்லாம் செய்வேன்" என்று எழுதினால் விலையுயர்ந்த லேத்தில்தான் போய் முடியும். முதல் ஆண்டில் உண்மையாகவே செய்யப்போகும் மூன்று பொருள்களை அளவோடு எழுதுங்கள். "8 அங்குலக் கிண்ணம், 10 அங்குல உளிப்பிடி, பம்பரம்" என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

என் கணக்கில், மொத்தத் தொகையில் பாதிக்குமேல் லேத்துக்குப் போகக் கூடாது. மற்ற பாதியில் வாங்க வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்:

முகம் முழுவதும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டும் நுண்தூசி வடிகட்டும் முகமூடியும். கண்ணாடி மட்டும் போதாது. கிண்ணம் பிளந்து பறந்தால் முகத்தில்தான் வந்து அடிக்கும்.

சாணை. புதியவர்கள் அதிகம் தவிர்க்கப் பார்ப்பது இதைத்தான். கடைசல் உளியின் முனை மணிக்கு எத்தனையோ கிலோமீட்டர் நீளத்துக்கு மரத்தைச் சீவுகிறது. கடின மரமென்றால் சில நிமிடங்களிலேயே மழுங்கும். மழுங்கிய உளியை அழுத்தித்தான் வெட்ட முடியும், அழுத்தினால் உளி மரத்தில் மாட்டி உதைக்கும். 8 அங்குலச் சக்கரமுள்ள, மெதுவாகச் சுற்றும் பெஞ்ச் கிரைண்டரும், ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் உளியைப் பிடிக்கும் ஜிக்கும் இருந்தால் நல்லது. சாணை பிடிக்க விருப்பமே இல்லையென்றால் கார்பைடு முனை மாற்றும் உளிகள் உண்டு. முனை மழுங்கினால் திருகைத் தளர்த்திச் சற்றுத் திருப்பி வைக்கலாம். ஆனால் பெரும்பாலும் சுரண்டித்தான் எடுக்கும். நன்றாகத் தீட்டிய கவுஜ் (குழிந்த வாயுள்ள உளி) சீவிய வழவழப்பு வராது, மணல்தாள் வேலை கூடும்.

உளிகள். ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) எஃகில், கரட்டுக் கட்டையை உருளையாக்கும் ஒரு ரஃபிங் கவுஜ், நீளக் கடைசலுக்கான ஒரு ஸ்பிண்டில் கவுஜ், துண்டித்து எடுக்கும் ஒரு பார்ட்டிங் உளி. கிண்ணம் செய்வதானால் ஒரு பவுல் கவுஜ். இவ்வளவு போதும். எட்டு உளி கொண்ட மலிவான பெட்டிகளில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். அவை கார்பன் எஃகாக இருந்தால் சாணையில் முனை நீலம் பாயும் அளவுக்குச் சூடேறியதும் கடினம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ரஃபிங் கவுஜைக் கிண்ணத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். பிடிக்குள் நுழையும் அதன் வால் பகுதி மெல்லியது. குறுக்கு நாரில் மாட்டினால் அந்த இடத்தில் முறிந்துவிடும்.

கடைசியாக நான்கு தாடைச் சக். நீளக் கடைசலோடு தொடங்குபவர்கள் இதைச் சில மாதம் தள்ளிப்போடலாம். லேத்தோடு வரும் ஃபேஸ்பிளேட்டிலும், அதாவது மரத்தைத் திருகுகளால் பொருத்தும் தட்டிலும், கிண்ணம் கடைய முடியும்.

3. அளவு: ஸ்விங், நீளம்

ஸ்விங் என்பது லேத்தில் சுற்றக்கூடிய மிகப் பெரிய விட்டம். ஸ்பிண்டில் நடுவிலிருந்து பெட் (லேத்தின் கிடைமட்ட அடிச்சட்டம்) வரை உள்ள தூரத்தைப் போல இருமடங்கு. சில நாடுகளில் நடுவிலிருந்து பெட் வரை உள்ள அந்தத் தூரத்தையே அளவாகச் சொல்வார்கள். அங்கே 6 அங்குலம் என்றால் இங்கே 12 அங்குலம். விளம்பரத்தை நம்பாமல் டேப்பை வைத்து அளந்துவிடுங்கள்.

12 அங்குல ஸ்விங் லேத்தில் 12 அங்குலக் கிண்ணம் கடையலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முடியாது. உளியை ஊன்றும் டூல் ரெஸ்டைத் தாங்கும் பான்ஜோ பெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மரம் அதன் மேலாகச் சுற்றும்படி வைக்கவேண்டி வந்தால் அதன் உயரம் கழியும். வெட்டிய மரத்துண்டும் சரியான வட்டமாக இருக்காது. வசதியாக 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிவைத்த மிகப் பெரிய கிண்ணத்தோடு 2 அங்குலம் கூட்டினால் உங்களுக்கு வேண்டிய ஸ்விங் கிடைக்கும்.

இரண்டாவது அளவு, இரு மையங்களுக்கு இடையே உள்ள நீளம். பல மாடல் எண்களிலேயே இரண்டும் இருக்கும். ஜெட் நிறுவனத்தின் 1221 என்றால் 12 அங்குல ஸ்விங், 21 அங்குல நீளம். இந்த நீளமும் முழுதாகக் கிடைப்பதில்லை. மூடியுள்ள சிமிழ் செய்ய ஒரு முனையில் சக், மறுமுனையில் துளைபோடும் சக்கும் பிட்டும் மாட்டிப் பாருங்கள். 12 அங்குல நீளமுள்ள குட்டி லேத்தில் மரத்துக்கு மிச்சம் மிகக் கொஞ்சம்தான்.

மேசைக்கால் எப்போதாவது ஒருமுறைதான் என்றால் நீளமான லேத் தேடாதீர்கள். பெட்டை நீட்டும் துண்டு தனியாகக் கிடைக்கும் மாடலா என்று மட்டும் கேளுங்கள். நீளத்தைப் பின்னால் கூட்டலாம், ஸ்விங்கைக் கூட்ட முடியாது.

4. வேகம்: மேலே அல்ல, கீழே பாருங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அதிகபட்ச வேகம். நீங்கள் தேடவேண்டியது குறைந்தபட்ச வேகம். மலிவான லேத்தை நல்லது, கெட்டது என்று பிரிக்க இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு இல்லை என்பேன்.

கடைசல்காரர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையே வரவேண்டும். 10 அங்குலக் கிண்ணம் 600 முதல் 900 சுற்று. 2 அங்குலப் பிடி 3000-ஐத் தாண்டலாம். ஆனால் இது வட்டமாகி, எடை சமமாகிவிட்ட மரத்துக்கான கணக்கு. வெட்டியெடுத்த கரடுமுரடான கட்டை ஒரு பக்கம் கனத்திருக்கும். அதை இந்தக் கணக்குக்கும் கீழேதான் தொடங்க வேண்டும்.

10 அங்குலக் கட்டை 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் ஒரு பக்கம் மட்டும் கனம் என்றால் லேத் மேசையோடு நடக்கும். மலிவான லேத்துகள் சிலவற்றில் குறைந்த வேகமே 750 அல்லது 850 சுற்று. பேனாவுக்கும் பம்பரத்துக்கும் தாராளமாகப் போதும். கரட்டுக் கட்டையிலிருந்து 8 அங்குலக் கிண்ணம் எடுக்க அது ஏற்றதல்ல. கிண்ணம் உங்கள் பட்டியலில் இருந்தால் 500 அல்லது அதற்கும் கீழே இறங்கும் லேத்தை மட்டும் பாருங்கள். 250 வரை இறங்கினால் இன்னும் நல்லது.

வேகத்தை மாற்றும் விதம் மூன்று.

படிபடியாக விட்டம் மாறும் புல்லி: மூடியைத் திறந்து பெல்ட்டை வேறு படிக்கு மாற்ற வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் கெட்டுப்போக ஒன்றுமில்லை. குறைந்த வேகத்தில் இழுவிசையும் கூடும்.

எலெக்ட்ரானிக் குமிழ்: திருப்பினால் வேகம் கூடும், குறையும். வசதி அதிகம். ஆனால் பெல்ட்டை அதிவேகப் படியிலேயே விட்டுவிட்டுக் குமிழால் மட்டும் வேகத்தைக் குறைத்தால், கொஞ்சம் ஆழமாக வெட்டியதும் மோட்டார் திணறி நிற்கும். அதனால் குமிழோடு இரண்டு, மூன்று புல்லிப் படிகளும் உள்ளதை வாங்குங்கள். கட்டுப்பாட்டு போர்டு தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். பழைய லேத்துகள் பல அந்த ஒரு போர்டு கிடைக்காமல்தான் முடங்கிக் கிடக்கின்றன.

ரீவ்ஸ் வகை: விரிந்து சுருங்கும் புல்லிகள். ஓடும்போது மட்டுமே வேகத்தை மாற்ற வேண்டும். பெல்ட்டும் புல்லியும் தேயும், சத்தம் அதிகம். விலை மிகக் குறைவாகக் கிடைத்தால் ஒழிய நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

5. ஸ்பிண்டில் மரையும் டேப்பரும்

ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கிலிருந்து வெளியே நீட்டும் ஸ்பிண்டிலின் மரையில்தான் சக்கும் ஃபேஸ்பிளேட்டும் ஏறும். இது அரிதான மரையாக இருந்தால் பின்னால் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் அடாப்டர் தேட வேண்டும். அடாப்டர் போட்டால் சக் இன்னும் வெளியே தள்ளி நிற்கும், ஆட்டம் கூடும்.

எளிதில் துணைக்கருவி கிடைக்கும் மரைகள் மூன்று: 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை; 1¼ அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை; 33 மில்லிமீட்டர் விட்டத்தில் 3.5 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது எம்33. குறைந்த விலை மிடி (நடுத்தர அளவு) லேத்துகளில் முதலாவதுதான் பரவலாக இருக்கும். ¾ அங்குலத்தில் 16 மரை சிறிய, பழைய லேத்துகளில் இருக்கும். கிடைக்கும், ஆனால் தேர்வு குறைவு.

வெர்னியரை இங்கேதான் எடுக்க வேண்டும். மரையின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்கேலை நீளவாக்கில் வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள். 1¼ அங்குலம் என்பது 31.75 மில்லிமீட்டர். பார்வைக்கு எம்33 போலவே இருக்கும், ஆனால் ஒன்றில் ஒன்று சரியாக உட்காராது. கண்ணால் பார்த்து முடிவெடுத்துத் தவறான சக்கை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிண்டிலின் உள்ளே உள்ள கூம்புத்துளை மோர்ஸ் டேப்பர். 2-ஆம் எண் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும், ஹெட்ஸ்டாக்கிலும் டெயில்ஸ்டாக்கிலும். 1-ஆம் எண் சிறியது, பிடிப்பும் குறைவு, துணைக்கருவிகளும் குறைவு. ஸ்பிண்டில் நடுவே துளை முழுநீளம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால்தான் பின்னாலிருந்து கம்பியால் தட்டி, மரத்தின் முனையில் பதிந்து அதைச் சுழற்றும் டிரைவ் சென்டரைக் கழற்ற முடியும்.

தலைகீழாகச் சுற்றும் ஸ்விட்ச் உள்ள லேத் என்றால் இன்னொன்று. தலைகீழ் ஓட்டத்தில் சக் தானாக மரையிலிருந்து கழன்று வரும். சக்கை ஸ்பிண்டிலோடு பூட்டும் திருகு இல்லாமல் அந்த ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

6. எடையும் மோட்டாரும்

பெட், ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக் மூன்றும் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு அதிர்வை உள்வாங்கும். குழாய்களையோ வளைத்த தகட்டையோ பெட்டாக வைத்த லேத் விலை குறைவு, ஆனால் பான்ஜோவை இறுக்கினாலும் வெட்டும்போது மெல்லிதாக நெளியும். அந்த நெளிவு மரத்தில் அலையலையாகப் பதியும். தனியாகத் தூக்கி வைக்க முடியாத லேத்தாக இருப்பது இங்கே நல்ல அறிகுறி.

மோட்டாருக்கு, 8 அங்குலம் வரை ½ குதிரைத்திறன், அதாவது சுமார் 375 வாட், பொறுமையாகக் கடைபவருக்குப் போதும். 10 முதல் 12 அங்குலத்துக்கு ¾ அல்லது 1 குதிரைத்திறன் தேடுங்கள். "உச்சத் திறன்" என்று எழுதியிருந்தால் அதை விட்டுவிட்டு மோட்டாரில் ஒட்டிய தகட்டைப் படியுங்கள். அதில் வோல்டேஜையும் கட்டாயம் பாருங்கள். பழைய லேத்தில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருந்தால் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடாது.

கைத் துளைக்கருவியை மாட்டி ஓட்டும் லேத் அமைப்புகள் வேண்டாம். அந்தக் கருவியின் பேரிங் முன்பின் அழுத்தத்துக்கானது. மணிக்கணக்கில் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது.

7. நேரில் சோதிப்பது

புதியதோ பழையதோ, இந்த வரிசையில் சோதியுங்கள். மின்சாரம் போடும் முன் செய்ய வேண்டியவையே அதிகம்.

டிரைவ் சென்டரையும் டெயில்ஸ்டாக் சென்டரையும் மாட்டி, டெயில்ஸ்டாக்கைத் தள்ளி இரு முனைகளையும் தொடும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். முனைக்கு முனை நேர்நேராக நிற்க வேண்டும். தலைமுடி அளவு விலகல் பரவாயில்லை. ஒரு மில்லிமீட்டர் விலகினால் துளை போடும்போது துளை அகன்றுபோகும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் கவனியுங்கள். நல்ல பேரிங் வெண்ணெய்போல் வழுக்கும். நறநறவென்றோ, ஓரிடத்தில் தட்டுவதுபோலவோ இருந்தால் பேரிங் போய்விட்டது. பிறகு ஸ்பிண்டிலை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரியக் கூடாது. பேரிங் மாற்றுவது பெரிய செலவில்லை. உள்ளே இருப்பது 6205 போன்ற பொது எண் கொண்ட பேரிங் என்றால் எங்கும் கிடைக்கும். விலையைக் குறைத்துக் கேட்க அது காரணமாகும்.

பான்ஜோவைத் தளர்த்தித் தள்ளுங்கள், இறுக்குங்கள். ஒரே நெம்புகோல் அசைவில் பூட்ட வேண்டும். பூட்டியபின் டூல் ரெஸ்டின் முனையைக் கீழே அழுத்துங்கள், சரியக் கூடாது. டெயில்ஸ்டாக்கையும் இப்படியே பாருங்கள். கடையும்போது ஒரு மணி நேரத்தில் பலமுறை இந்தப் பூட்டுகளைத் தொடுவீர்கள். ஸ்பானர் தேடவேண்டிய பூட்டு என்றால் சலித்துப்போய் டூல் ரெஸ்டை மரத்தருகே நகர்த்தாமல் விடுவீர்கள். உளி மாட்டிக்கொள்வது அப்போதுதான்.

டேப்பர் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுழல் கீறல்கள் இருந்தால் சென்டர் பிடிக்காமல் சுற்றியிருக்கிறது. மரையில் நசுங்கல் இருக்கிறதா பாருங்கள். ஒரு ஃபேஸ்பிளேட்டை கையாலேயே கடைசி வரை ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதன் பிறகுதான் மின்சாரம். மிகக் குறைந்த வேகத்திலிருந்து தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். நாணயம் ஒன்றைப் பெட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மரம் மாட்டாத ஓட்டத்தில் அது விழாமல் நிற்க வேண்டும். அவசரத்தில் கை எட்டும் இடத்தில் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றும் மரத்தைத் தாண்டித்தான் ஸ்விட்சைத் தொட முடியும் என்றால் அந்த லேத்தை விட்டுவிடுங்கள்.

8. வீட்டில் நிறுத்துவது

நீங்கள் நிற்கும்போது உங்கள் முழங்கை இருக்கும் உயரத்தில் ஸ்பிண்டிலின் நடு வரவேண்டும். தாழ்ந்திருந்தால் குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கும், உளியின் பிடி உடம்போடு ஒட்டாது. மேசையை முதலில் செய்துவிட்டு லேத்தை ஏற்றாதீர்கள். லேத்தின் அடியிலிருந்து ஸ்பிண்டில் வரை அளந்து, அதைக் கழித்து மேசை உயரத்தை முடிவுசெய்யுங்கள். மேசையின் கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை வைத்தால் அதிர்வு நன்றாகக் குறையும்.

டூல் ரெஸ்டின் மேல்விளிம்பை அரத்தால் வழித்து மெழுகு தேயுங்கள். புதிய லேத்தில்கூட அங்கே வார்ப்புச் சொரசொரப்பு இருக்கும், உளி தடங்கித் தடங்கி நகரும்.

முதல் மரமாக 2 அங்குலச் சதுரத்தில், 10 அங்குல நீளத்தில், வெடிப்போ முடிச்சோ இல்லாத மென்மரம் ஒன்றை இரு மையங்களுக்கு இடையே மாட்டுங்கள். கையுறை கூடாது, தொங்கும் சட்டைக்கையோ கட்டாத முடியோ கூடாது. டூல் ரெஸ்டில் மரம் இடிக்கிறதா என்று கையால் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, மரம் பறந்தால் வரும் கோட்டிலிருந்து விலகி நின்று ஸ்விட்சைப் போடுங்கள். நான்கு மூலையும் போய் உருளையானதும் லேத்தை நிறுத்தி, மேசையோடு பிணைத்த போல்ட்டுகளையும் டெயில்ஸ்டாக்கையும் மறுபடி இறுக்குங்கள். முதல் அதிர்வில் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.